வீட்டை வாங்கிப் பார்... அலமாரியைப் போட்டுப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லிட்டுப் போன பெருசுங்க ஒண்ணை மட்டும் விட்டுட்டாங்க. கட்டின வீட்டுக்குள்ள அலமாரி போட்டுப் பார்க்கறது. முதல் ரெண்டையும் நான் ஒருவழியா முடிச்சுட்டேன். மூணாவதுலதான் ஆறு மாசமா நாக்கு தள்ளுது.

மேடவாக்கத்துல ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், மூணாவது மாடி. பத்திரத்துல 1040 சதுர அடி. உள்ள நின்னு டேப் புடிச்சா 760. மிச்சம் 280 சதுர அடி லிஃப்ட்லயும் மாடிப்படியிலயும் எங்கயோ இருக்கு, வேணும்னா போய் உக்காந்துக்கலாம். 2023ல சாவி கைக்கு வந்தது. வந்த அன்னிக்கே தங்கமணி ஒரு நோட்டுப் போட்டுட்டாங்க. நான் என் பங்குக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்?

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, எங்கப்பா தச்சர். காரைக்குடிப் பக்கம் நாப்பது வருஷம் உளி புடிச்சவர். இப்ப வயசு அறுபத்தி நாலு, சுகர் இருக்கு, வலது தோளை காதுக்கு மேல தூக்க முடியாது. அவரும் அம்மாவும் இனிமே எங்களோடதான் இருக்கப் போறாங்கன்னு முடிவாச்சு. அப்போ இந்த வீட்டு மரச்சாமான் விஷயத்துல அவரை வெச்சுக்கிட்டு நான் எக்செல் ஷீட்ல முடிவு பண்றது, சமையல்காரர் வீட்டுல ஹோட்டல் சாப்பாடு வாங்கற மாதிரி. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள இருந்த பயம் வேற. தேக்கைத் தவிர வேற எதையும் தொட மாட்டேன்னு நிப்பாரோன்னு. வங்கிக் கடன் போக மிச்சம் இருக்கற காசுக்கு தேக்குல செஞ்சா ஒரு ஸ்டூலும் ரெண்டு கரண்டிக் காம்பும் வரும்.

மாடுலர் கம்பெனி ஒண்ணு (பேரு வேண்டாம்) கொட்டேஷன் குடுத்தாங்க. சமையல்கட்டு, ரெண்டு அலமாரி, டிவி அடுக்கு எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து எண்பதாயிரம். டீ குடுத்தாங்க, முப்பரிமாணப் படம் காட்டினாங்க, அந்தப் படத்துல எங்க ஹால் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தது. அப்பா ஒண்ணும் பேசல. ஷோரூம்ல இருந்த அலமாரிக் கதவைத் திறந்தார், கீல் கிட்ட விரல் நகத்தால சுரண்டினார், விளிம்பைக் குனிஞ்சு பார்த்தார். கோட் போட்ட பையன் "சார், அதெல்லாம் மிஷின் ஃபினிஷ்"னு என்கிட்ட சொன்னான். அப்பாகிட்ட இல்ல.

வெளிய வந்து டீக்கடையில நின்னப்போ கேட்டார். "சதுர அடி 1500ன்னு போட்டிருக்கானே, எந்த சதுர அடி தம்பி?"

அதாவது மக்களே, விஷயம் இதுதான். ஏழடி உயரம், ஆறடி அகலம், ரெண்டடி ஆழம் ஒரு அலமாரின்னு வைங்க. அவங்க கணக்குப் போடறது முகப்பை. ஏழு ஆறு நாப்பத்தி ரெண்டு, ஆக 63,000 ரூபா. ஆனா உள்ள போற பலகை எவ்வளவு? பக்கம் ரெண்டும் 28, நடுத்தடுப்பு 14, மேலயும் கீழயும் 24, அஞ்சு தட்டு 30, கதவு 42. மொத்தம் 138 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 32 சதுர அடிதான், அப்போ அஞ்சு ஷீட். முதுகுப்பக்க மெல்லிசு பலகை தனி. தட்டு அஞ்சா மூணான்னு கொட்டேஷன்ல ஒரு வரி கூட இல்ல! மூணு தட்டோட நிறுத்தினாலும் முகப்பு அதே 42தான், காசும் அதேதான். அதனால ரெண்டு கொட்டேஷனை ஒப்பிடறவங்க சதுர அடி ரேட்டை ஒப்பிடாதீங்க. உள்ள எத்தனை தட்டு, எத்தனை இழுப்பறை, பலகை எத்தனை மில்லிமீட்டர், முதுகுக்கு என்ன பலகைன்னு எழுதி வாங்குங்க. அப்பா இதை டீ ஆறுறதுக்குள்ள மனசுலயே போட்டார். என் எக்செல் ஷீட் கொஞ்சம் வெக்கப்பட்டது.

அடுத்த அதிர்ச்சி. தேக்கு பத்தி நானே பேச்செடுத்தேன். "தேக்கா? எதுக்கு? பிளைவுட் போடு"ன்னுட்டார்.

அவர் சொன்ன காரணத்துல உணர்ச்சி ஒரு சொட்டு கிடையாது. அலமாரிக்குப் பெரிய பெரிய பலகை வேணும். ரெண்டடி அகலத்துக்கு ஒரே மரமா வராது, ஒட்டணும். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பிளைவுட்ல ஒரு அடுக்கு நெடுக்க, அடுத்த அடுக்கு குறுக்கன்னு மாத்தி மாத்தி ஒட்டியிருக்கறதால ஒண்ணை ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். அதுலயும் தண்ணி படுற இடத்துல காசைப் போடு, படாத இடத்துல மிச்சம் புடின்னார். சிங்க்குக்குக் கீழ ஐ.எஸ். 710னு முத்திரை குத்தின பலகை. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் பசை விடக்கூடாதுங்கறது அதுக்கு வெச்சிருக்கற சோதனை. படுக்கையறை அலமாரிக்கு சாதா எம்.ஆர். ரகம் போதும். எம்.ஆர்.னா ஈரத்தைத் தாங்கும்னு அர்த்தமே ஒழிய தண்ணியில ஊறலாம்னு அர்த்தம் இல்ல. கடைக்காரர் ரெண்டையும் ஒரே மூச்சுல 'வாட்டர்ப்ரூஃப்'னுதான் சொல்லுவார், முத்திரையைத் தேடிப் பாருங்க. மரத்தூள் பலகை இருக்கே, அதை சமையல்கட்டுப் பக்கமே விடாதீங்க. ஒரு தடவை தண்ணி குடிச்சா பிஸ்கட் மாதிரி ஊதிடும், ஸ்க்ரூவும் புடிப்பு விட்டுடும்.

இன்னொண்ணு: தட்டு நீளம். "ரெண்டரை அடிக்கு மேல தட்டு போட்டா நடுவுல தொங்கும்"னார். அப்பா ஏழாவது வரைக்கும்தான். நான் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு (அப்புறம் ஜாவா எழுதறேன், அது வேற கதை) அந்த ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். பரவலா பாரம் ஏத்தின பலகையோட தொய்வு நீளத்தோட நாலாம் அடுக்கு. ரெண்டரை அடியை மூணடி ஆக்கினா நீளம் இருபது சதவீதம்தான் கூடுது, தொய்வு ரெண்டு மடங்குக்கும் மேல! பலகைக் கனமோ மூணாம் அடுக்குல வேலை செய்யும், 18 மில்லிமீட்டரை 25 ஆக்கினா தொய்வு பாதிக்கும் கீழ. நாலாவது செமஸ்டர்ல இதைப் படிச்சு பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா எங்க வீட்டுத் தட்டுக்கு அது பொருந்தும்னு அப்பா சொல்ற வரைக்கும் தோணவே இல்ல. ஆறடி அலமாரியை மூணு ரெண்டடியாப் பிரிச்சாச்சு. ஒரு நடுத்தடுப்பு கூடிச்சு, அவ்வளவுதான்.

தங்கமணிக்கு வீசிங் உண்டு. புது பிளைவுட் வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் பசையில இருந்து வர்ற ஃபார்மால்டிஹைடு. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியதுன்னு 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு வகைப்படுத்திடுச்சு. அதனால குறைஞ்ச அளவு வெளிவிடற 'ஈ-1' இல்லன்னா 'ஈ-0' ரகமாக் கேட்டு வாங்கினோம். வெட்டின விளிம்பு எல்லாத்தையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, பட்டி ஒட்டி மூடச் சொன்னோம். அப்புறம் ஒரு மாசம் கதவெல்லாம் தொறந்து போட்டு ஃபேன். குடிபோற தேதி தள்ளிப் போச்சு, ஒரு மாசம் வாடகை எக்ஸ்ட்ரா. பரவால்ல.

அடுத்தது சோபா. நான் நினைச்சதுக்கு நேர் எதிரா இங்கதான் நேரம் அதிகமாப் போச்சு. கடையில போட்டிருந்த சோபா எல்லாம் சினிமா வீட்டு சோபா. உக்காந்தா அப்படியே உள்ள போய்டலாம். அம்மா மூணு சோபால உக்காந்தாங்க. மூணுலயும் எழுந்திரிக்க ஆள் கை குடுக்க வேண்டியிருந்தது. மூணாவது தடவை சிரிச்சு சமாளிச்சாங்க, ஆனா அதுக்கப்புறம் எந்தக் கடையிலயும் உக்காரல. "எனக்கு எதுக்குப்பா, நான் கீழ பாய் போட்டுக்கறேன்". முட்டி வலிக்காரங்க பாய்ல எப்படி உக்காருவாங்க?

வீட்டுக்கு வந்ததும் அப்பா டேப் எடுத்து அம்மாவை ஸ்டூல்ல உக்கார வெச்சு, தரையில இருந்து முழங்கால் பின்மடிப்பு வரைக்கும் அளந்தார். பதினாறரை அங்குலம். "இதுக்கு மேல ஒரு அங்குலம். உக்காந்தப்புறம் இருக்கற உயரம், பாத்துக்க." இந்தக் கடைசி வார்த்தையிலதான் சூட்சுமமே. கடையில 18 அங்குலம்னு எழுதியிருக்கும், பஞ்சு நாலு அங்குலம் அமுங்கும், நீங்க உண்மையில உக்காந்திருக்கறது பதினாலுல. கெட்டியான மெத்தையோட ஒரு திவான், ரெண்டு பக்கமும் ஊனி எழுந்திரிக்க மரக் கைப்பிடி. பார்க்க பேங்க் மேனேஜர் ரூம் பெஞ்ச் மாதிரிதான் இருக்குன்னு தங்கமணி சொன்னாங்க. ஆனா அம்மா அதுல தானா எழுந்து நின்னதும், "அத்தை, இதுவே இருக்கட்டும்"னு முதல்ல சொன்னதும் அவங்கதான்.

சாப்பாட்டு மேசைக்குதான் காரைக்குடி போனோம். இது தங்கமணி ஆசை. முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கும், தெரிஞ்சிருக்கும். பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குவாளி, பர்மா தேக்குத் தூண், கதவு, ஜன்னல். ஒரு பழைய கதவை வாங்கி, மேல கண்ணாடி போட்டு, கால் வெச்சா மேசை. இணையத்துல பாத்திருப்பீங்க, பார்க்க அம்சமா இருக்கும். ஒரு கதவு எங்களுக்குப் புடிச்சும் போச்சு. தாமரையும் கிளியுமா செதுக்கல், விலையும் படிஞ்சு வந்தது.

அப்பா கடை வாசல்லயே நின்னுட்டார். தங்கமணி போய்க் கூப்பிட்டாங்க, "மாமா, வந்து மரம் நல்லாருக்கான்னு பாருங்க." உள்ள வந்தார். கதவைத் தொடல. கீல் இருந்த இடத்துல உளி பட்ட தடத்தைக் காட்டி, "அவசரமாக் கழட்டியிருக்கான்"னார். அப்புறம், "இது மாதிரி நானும் நூறு கதவு கழட்டியிருக்கேன் தாயி."

எனக்கு இது புதுசு. தொண்ணூறுகள்ல புது வேலை கொறைஞ்ச நேரத்துல அப்பா பழைய வீடு பிரிக்கிற காண்ட்ராக்டர்கிட்ட கூலிக்குப் போயிருக்கார். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளி, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் மலேசியா, பராமரிக்க ஆளில்ல, கடைசியில பிரிச்சு வித்துடறது. ஒரு வீட்டுல ஒரே ஒரு ஆச்சி மட்டும் இருந்திருக்காங்க. அஞ்சு நாளும் வேலைக்காரங்களுக்கு பதினோரு மணிக்கு காபி போட்டுக் குடுத்துட்டு, ஒவ்வொரு கதவு இறங்கறப்பவும் முற்றத்துத் தூண் கிட்ட நின்னு பாத்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசலையாம். கடைசி நாள் அந்தத் தூணையும் இறக்கணும். "ஆச்சி, கொஞ்சம் நகருங்க"ன்னு அப்பாதான் சொல்லியிருக்கார்.

"நல்ல மரம்தான். எனக்கு அதுல சோறு இறங்காது" அப்படின்னார். அவ்வளவுதான் சொன்னார். கடைக்காரருக்கு நன்றி சொல்லிட்டு வந்துட்டோம். பழைய கதவு வாங்கறவங்களைக் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. வாங்கலைன்னா அது அடுப்புக்குப் போகும், இல்ல மழையில அழுகும், கடையில இருக்கறதே மேல்தான். எங்க வீட்டுக்கு ஆகாது, அவ்வளவே.

வர்ற வழியில கார்ல தங்கமணி கேட்டாங்க, "மாமா, ஊரெல்லாம் செஞ்சு குடுத்தீங்களே, நம்ம வீட்டுக்கு ஏன் எதுவும் செய்யல?" (எங்க ஊர் வீட்டுல இருந்தது அம்மா சீதனமாக் கொண்டு வந்த இரும்பு பீரோ, நாலு பிளாஸ்டிக் சேர், நான் பத்தாவது படிக்கிறப்ப பேக்கிங் பலகையில அடிச்சுக் குடுத்த ஒரு மேசை.) அப்பா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னார்: "கூலிக்குப் போற இடத்துல மரம் இருக்கும். வீட்டுல மரம் வேணுமே."

ரெண்டு நாள் கழிச்சு அவரே ஆரம்பிச்சார். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ புதுக்கோட்டைப் பக்கம் பலா மரங்கள் எக்கச்சக்கமா விழுந்தது. ஆலங்குடிப் பக்கம் சித்தப்பா முறை ஒருத்தர் தோட்டத்துலயும் விழுந்திருக்கு. விறகு விலைக்குக் கேட்டவங்களுக்குக் குடுக்காம ஒரு மரத்தை மட்டும் பலகையா அறுத்து மாட்டுக் கொட்டகைப் பரண்ல அடுக்கி வெச்சிருக்கார். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்ங்கறது தச்சர் கணக்கு. இது ஒன்றரை அங்குலம், அஞ்சு வருஷம் நிழல்ல காஞ்சது. தஞ்சாவூர் வீணை செய்யறது இந்தப் பலாவுலதான், சும்மா சொல்லக்கூடாது.

மேசையை அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தர் செஞ்சார். அப்பா அளவு போட்டார், கோடு கிழிச்சார், பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து திட்டினார். காலுக்கும் சட்டத்துக்கும் ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. ஒண்ணுல துளை, இன்னொண்ணுல நாக்கு, அடிச்சு இறக்கி மரமுளை. மேல்பலகையைப் பக்கவாட்டுல கெட்டியா இறுக்கக் கூடாதாம். மழைக்காலத்துல அகலத்துல விரியும், இடம் குடுக்கலைன்னா வெடிச்சுடும். அதனால கீழ நீளவாக்குல துளை போட்டு நகர இடம் விட்டுருக்காங்க. கடைசி இழைப்பு மட்டும் நான்தான்னு அப்பா அடம் புடிச்சார். தோள் ஒத்துழைக்கல, நாலு தள்ளு தள்ளிட்டு நிப்பார், மறுபடி நாலு. ஒரு மணி நேரம் ஆகற வேலை ஒரு நாள் முழுக்க ஆச்சு. கூட்டாளி அங்க இங்க வேலை இருக்கற மாதிரி எழுந்து போய்ட்டார். நானும் லேப்டாப்பைத் தூக்கிட்டு உள்ள வந்துட்டேன்.

இதனால சுவர்க் கலர் விவகாரம் தலைகீழா மாறிடுச்சு. பலா அறுத்த புதுசுல, மஞ்சள் புதுசா அரைச்ச மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்டுப்பட்டு சில வருஷத்துல செம்பழுப்பா ஆகிடும். இன்னிக்கு மஞ்சளுக்குப் பொருத்தமா சுவர் அடிச்சா நாளைக்குப் பொருந்தாது. அதனால ரெண்டுக்கும் ஒத்துப்போற மாதிரி லேசா சாம்பல் கலந்த வெள்ளை. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்றேன், உங்களுக்கும் உதவும். ஷேட் கார்டை நம்பாதீங்க. தபால்தலை சைஸ்ல வெளிறித் தெரியறது பத்தடி சுவர்ல அழுத்தமா அடிக்கும். சின்ன டப்பா வாங்கி பெரிய சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, சுவர்ல ஒட்டி காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், லைட் போட்டு ஒருதரம் பாருங்க. எங்க ஹால் மேற்கு பார்த்தது. அஞ்சு மணிக்கு எல்லாக் கலரும் ஆரஞ்சுதான்! 6500 கெல்வின் வெள்ளை பல்புல கிரீம் கலர் சோகை புடிச்ச மாதிரி இருந்தது, அதே சுவர் 3000ல பரவாயில்ல. பெயிண்ட்டை மாத்தறதை விட பல்பை மாத்தறது சல்லிசு.

செட்டிநாட்டுச் சுவர் மாதிரி சுண்ணாம்புப் பூச்சு ஒரு பக்கம் பண்ணலாமான்னும் யோசிச்சோம். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கருன்னு அரைச்சுப் பூசி, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு முட்டை ஓடு மாதிரி பளபளன்னு வர்றது. தொட்டா சித்திரையில கூட குளுகுளுன்னு இருக்கும். ஆனா புட்டி வெச்சு பெயிண்ட் அடிச்ச சுவர்ல அது புடிக்காது, செங்கல் பூச்சு வரைக்கும் சுரண்டணும். அதோட, அந்தச் சுவருக்கு அழகு அந்த முற்றமும், கனமும், உயரமும். பத்தடிக்குப் பதினாறு ஹால்ல ஒத்தைச் சுவரை மட்டும் அப்படிப் பண்ணினா செட்டிநாடு மெஸ் மாதிரி இருக்கும்னு என் அபிப்பிராயம். வாசல்ல நாலு சதுர அடிக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் பதிச்சோம். கண்ணாடி மேல சாயத்தை ஊத்தி, மேல சிமெண்ட் மணல் போட்டு எடுக்கற கல்லு. அதுல மிதிச்சு உள்ள வர்றப்ப ஒரு சந்தோஷம்.

டிவி அடுக்கு இன்னும் செய்யல. டிவி அது வந்த அட்டைப்பெட்டி மேலயே இருக்கு. படுக்கையறையில பாத்ரூமை ஒட்டின சுவர்தான் பாக்கி. பில்டர் அடிச்ச டிஸ்டெம்பர் மூணே மாசத்துல உப்பு பூத்து உதிர்ந்துச்சு. வால்பேப்பர் ஒட்டி மூடிடலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தார், அப்பா அவரை ஒரு பார்வை பாத்தார். மூடினா உள்ள பூஞ்சைதான் வளரும், தங்கமணிக்கு அது போதும். பாத்ரூம் பக்கம் குழாய் இணைப்பைப் பிரிச்சு கசிவை அடைச்சு ஏழு வாரம் ஆச்சு. ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பாலிதீனை சுவர்ல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடணும். உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயலைன்னு அர்த்தம். போன வாரம் லேசா வேர்த்திருந்தது. நேத்து மறுபடி ஒட்டியிருக்கேன். காலையில பாத்துட்டுதான் புட்டிக்காரருக்கு போன் பண்ணணும்.